மொலோக்காய்த் தீவின் தமியான் அடிகள்

விடுமுறைக் காலத்தில் ஒரு திங்களேனும் நாட்டுப்புறம் சென்று, ஆங்குள்ள துறவியர் மடங்களையும் அநாதைச் சாலைகளையும் நோயாளர் இல்லங்களையும் அடுத்து, ஊதியம் கருதாது தொண்டு புரிந்துவர விரும்பும் மாணாக்கர் எக்காலத்தும் உளர். அன்னார் புறப்படுமுன் அவர்தம் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு; முப்பது நாளில் நம்மால் யாது செய்ய இயலும் என்பதே அது. இதற்கு விடையை ஆராய்ச்சியால் தேடுவதினும், சில திங்கட் பணிக்கெனத் தம் பெயரைக் கொடுத்துச் சென்று, பதினாறு ஆண்டு தங்கி, சென்ற இடத்திலேயே உயிர்நீத்த ஒருவர் வாழ்க்கையிற் கண்டறிதல் நலம் என்று எண்ணி, தமியான் அடிகளின் வரலாற்றை யாம் ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

தமியான் என்பது பொருள் பெறாது மருத்துவம் செய்தவர் எனக் கிறிஸ்தவர் போற்றும் பண்டைப் புனிதர் ஒருவரின் பெயர். தமிழிலோ அச்சொல் தனித்து நிற்பவன் என்றும் பொருள்படும். இவ்விரு பொருளும் நம் அடிகளுக்கு ஒருங்கே பொருந்தியவாற்றை மேலே காண்போம்.

அவர் பெல்ஜிய நாட்டில் திரெமலோ என்னும் சிற்றூரில் 1840-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு தெ வூஸ்டர். தந்தையார் தானிய வாணிகம் செய்தவர். மகன் கடையை ஏற்று நடத்துவான் என்று எதிர்பார்த்து, அதற்கு வேண்டிய பிரெஞ்சு மொழியைக் கற்க அயலூருக்கு அனுப்பினார். மகனோ தமையனார் பம்பீலைப் பின்பற்றி 1859-ஆம் ஆண்டில் லூவேன் நகரிலிருந்த இயேசு மரியாயின் திரு இருதய சபையிற் சேர்ந்தார். இலத்தீன் அறியாதவராகலின், குருத்துவத்திற்கு ஏற்றவரல்லர் என்றும், உடலுழைப்புச் செய்யும் சகோதரராக இருத்தலே தக்கது என்றும் மேலோர் முதலில் முடிவு செய்தனர். அவரோ ஒழிந்த நேரங்களிலெல்லாம் தமையனாரிடம் இலத்தீன் பயின்று அம்முடிவை மாற்றுவித்தார். உழவர் நாட்டில் வளர்ந்த உறுதியான உடலும், எடுத்ததை விடாப் பிடியும் அவர்க்கு இளமையிலேயே அமைந்திருந்தன.

அச்சபையார் பசிபிக் பெருங்கடலின் நடுவணுள்ள ஹவாயித் தீவுகளிற் பணி செய்துவந்தனர். 1863-ஆம் ஆண்டில் ஆங்குச் செல்லுமாறு பம்பீல் தேர்ந்தெடுக்கப்பட்டார். புறப்படும் தறுவாயில் அவரை நச்சுக்காய்ச்சல் பற்றியது. தமையன் இடத்தில் தம்மை அனுப்புமாறு தம்பி சபைத் தலைவர்க்கு நேரே எழுதி விடை பெற்றார். ஆகவே, பிறர் ஒருவர்க்குக் குறித்த இடத்தை நிரப்பவே அவர் முதன்முதற் கப்பலேறினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஏறத்தாழ ஐந்து திங்கட் கடற்பயணத்தின்பின் 1864-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் நாள் ஹொனலூலுத் துறையை அடைந்து, அவ்வாண்டு மே 21-ஆம் நாள் ஆங்குள்ள பேராலயத்திற் குருப்பட்டம் பெற்றார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ஹவாயிப் பெருந்தீவில், எரிமலைச் சாரல்களிலும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் குதிரைமீதும் கால்நடையாகவும் திரிந்து, அந்நாட்டு மொழியைப் பேசப் பழகி, மரம் அறுத்துத் தம் கையாலேயே சிறு கோவில்கள் பல கட்டினார். தச்சுத் தொழிலில் அவர் பெற்ற பயிற்சி பின்னர்ப் பெரிதும் உதவிற்று.

அக்காலத்தில் ஹவாயி மக்களைத் தொழுநோய் வாட்டி வந்தது. வெளிநாட்டாருடன் வந்த நோய்களை எதிர்க்கும் ஆற்றல் அம்மக்கள் உடலில் இல்லாமையால், அவர்தம் தொகை நாளும் குறைந்து கொண்டிருந்தது. ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் 1865-ஆம் ஆண்டு ஜனவரியில் நோயுற்றோரை வேறு பிரித்து வைக்கும் சட்டம் ஒன்றில் ஒப்பமிட்டார். அதன்படி 1866-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ஆடவர் ஒன்பதின்மரும் பெண்டிர் மூவரும் மொலோக்காய்த் தீவின் வடகரையிலுள்ள கலாவாவோ என்னும் இடத்தில் முதன்முதலாக இறக்கிவிடப்பட்டனர். அவ்விடம் கடலுட் புகுந்த ஒரு நிலக்கூறு. மூன்று புறம் அலைகடல், நான்காம் புறம் 1,600 அடிக்கு மேல் செங்குத்தாய் ஓங்கிய மலைச்சுவர். காவற்கூடம் கட்டும் வேலையின்றி இயற்கையே அமைத்த சிறை அது. வந்தவர் தாமே பயிரிட்டு உண்பர் என்று அரசினர் எண்ணினர். விரலிழந்த கையினர் உழுது பயிரிடுவது யாங்ஙனம்? ஆண்டுதோறும் மக்கள் வந்து குவிந்தனர். வீடும் மருத்துவமும் நல்ல நீரும் போதியவாறு வரவில்லை.

ஈண்டு ஓர் உண்மையை மறவாது கூறல் வேண்டும். தமியான் அடிகள் அங்குச் சென்ற முதற்றொண்டர் அல்லர். நோயுற்ற கணவனைப் பிரிய மனமின்றி உடன்போந்த மனைவியரும், மனைவியைத் தொடர்ந்த கணவரும், மக்களைத் தொடர்ந்த பெற்றோரும் ஆங்கே பலர் இருந்தனர். உதவியர் எனப் பொருள்படும் 'கோகுவா' என்ற சொல்லால் ஹவாயி மக்கள் அவர்களை வழங்கினர். மார்மன் சபையில் முதன்மை பெற்றிருந்த ஜோனதன் நபேலா என்னும் ஹவாயியர் தம் மனைவி கிட்டியுடன் 1873-ஆம் ஆண்டில் ஆங்குச் சென்று, அக்குடியிருப்பிற் பணியாற்றி, தாமும் நோயுற்று 1879-ஆம் ஆண்டில் இறந்தார். இன்னோரிற் பலர் பெயரும் உலகறியாதன. அடிகளின் பெருமையைப் பேசுவோர் இவர்களை மறைத்துப் பேசுதல் முறையன்று.

1873-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் மவுயித் தீவின் வைலுக்கு என்னும் ஊரில் புதுக்கோவில் ஒன்றன் திறப்பு விழாவிற்காகக் குருமார் கூடினர். கலாவாவோவில் உள்ள கத்தோலிக்க மக்கள் தமக்கு ஒரு குரு வேண்டுமென்று வேண்டிவந்ததை மெகிரே ஆயர் அவர்களுக்கு எடுத்துரைத்தார். அங்கே நிலையாக இருக்குமாறு எவரையும் பணிக்க ஆயருக்கு மனம் துணியவில்லை. எனவே, சிலர் ஒருவர்பின் ஒருவராய் முறைவைத்துச் சில திங்கள் சென்று இருந்துவரலாம் என்று பேச்செழுந்தது. நால்வர் முன்வந்தனர், அவருள் தமியான் அடிகள் ஒருவர். முதன்முறை அவர்க்கு வாய்த்தது. அவ்வாண்டு மே 10-ஆம் நாள் ஆயரோடு கலாவுபாபாத் துறையில் இறங்கினார். அப்போது அவர்க்கு அகவை முப்பத்து மூன்று.

தங்க வீடில்லை. சென்ற ஆண்டிற் கட்டப்பெற்ற புனித பிலோமினா கோவிலின் பக்கத்தே ஒரு தாழை மரம் நின்றது. அதன் கீழ்ப் பல இரவுகள் துயின்றார். கீழிருந்த பாறையே அவர்க்கு உணவு மேசையாயிற்று. சில நாட்களுக்குள்ளேயே, தம்மை மாற்ற வேண்டா என்று மேலோர்க்கு எழுதினார். முறைவைத்து வரவிருந்த ஏனையோரின் முறை வரவேயில்லை. பின்னர் அரசின் சுகாதாரக் கழகத்தார், உட்சென்றவர் வெளிவரலாகாது என்னும் விதியை அவர்மீதும் சிலகாலம் செலுத்தினர். சபைத் தலைவர் ஒருவர் கப்பலில் வந்தபோது, அவரைக் கரையிறங்கவும் அடிகளைக் கப்பலில் ஏறவும் விடாமையால், அடிகள் சிறு படகில் நின்றவாறே மேல்தளத்திலிருந்த தலைவரை நோக்கித் தம் பாவங்களைப் பிரெஞ்சு மொழியில் உரக்கக் கூறிப் பாவசங்கீர்த்தனம் செய்தார் என்பர். தமியான் என்னும் பெயரின் தமிழ்ப்பொருள் அந்நாளில் அவர்க்கு முற்றும் பொருந்திற்று.

அவர் ஆங்குக் கண்ட குடிசைகள் ஆமணக்கின் கிளைகளை நட்டு இலையாலும் புல்லாலும் வேய்ந்தவை, ஈரம் உறைபவை, பலர் நெருங்கிக் கிடப்பவை. சில ஆண்டினுள் தென்காற்றுப் புயல் ஒன்று எழுந்து அவற்றிற் பலவற்றைச் சாய்த்தது. அடிகள் அத்தீங்கையே வாய்ப்பாகக் கொண்டு, அரசினரை வற்புறுத்தி மரம் வருவித்து, நிலத்தினின்று உயர்த்திய மரவீடுகளை எழுப்பத் தொடங்கினார். வேலையாட்கள் யாவர்? கையும் காலும் ஓரளவேனும் இயங்கிய நோயாளரே. அவர் கற்பித்தார், அவர்கள் அறுத்தனர், இழைத்தனர், ஆணியறைந்தனர். தொலைவிலிருந்து தோளிற் சுமந்து வந்த நீருக்கு மாறாக, மேலைப் பள்ளத்தாக்கில் வற்றாத சுனை ஒன்றைத் தேடிக் கண்டு, அரசினர் அனுப்பிய இரும்புக் குழாய்களைப் பதித்துக் குடியிருப்பிற்கே நீர் கொணர்ந்தனர். புண்ணைக் கழுவவும் துணியைத் துவைக்கவும் நீர் கிடைத்தமையால் விளைந்த நன்மையை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

இறந்தோரைத் துணியிற் சுற்றி ஆழமில்லாக் குழியில் இடும் வழக்கத்தை ஒழிக்க, அவர் சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார், கல்லறைத் தோட்டத்திற்கு வேலியமைத்தார். அவர் கையாற் செய்த பெட்டிகள் பல நூறு. தாய்தந்தையற்ற சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனி இல்லங்கள் கண்டார். பாடற்குழுவும் இசைக்கருவிக் குழுவும் அமைத்தார். நாள்தோறும் சாவைக் கண்ட அவ்வூரில் விழாநாட்களும் ஊர்வலங்களும் உண்டாயின.

அவர்தம் கோவிலிற் காணப்படும் சிறு குறிப்பொன்று அவர் உள்ளத்தை நன்கு விளக்கும். நோய் வாயையும் தொண்டையையும் பற்றியோர்க்கு அடிக்கடி எச்சில் உமிழவேண்டியிருந்தது. அதற்கு நாணிப் பலர் கோவிலுட் புகாது வெளியே நின்றனர். அடிகள் யாதும் பேசாது, தரைப்பலகையில் ஆங்காங்கே சிறு துளைகளை வெட்டிவிட்டார். அன்று முதல் அவர்களும் உள்ளே வந்து அமர்ந்தனர். நோயாளர்க்கு அறவுரை கூறுவோர் பலர். அவர் நாணம் எதனால் வந்தது என்று தேடிப் பலகையை அறுப்போர் சிலரே.

மற்றொன்று அவர் பேசிய முறை. தமிழில் நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது கேட்போரையும் உளப்படுத்துவது, பின்னது அவரை நீக்குவது. ஹவாயி மொழியிலும் அத்தகைய வேறுபாடு உண்டு. அம்மொழியிற் பிரசங்கம் செய்த அடிகள், கேட்போரை நோயாளராகிய நீவிர் என்று விளியாது, தம்மையும் உளப்படுத்தி நோயாளராகிய நாம் என்றே வந்த ஆண்டு முதற்கொண்டு வழங்கினார். அப்போது அவர் உடம்பில் நோயின் குறி ஏதும் இல்லை. அவர்களுடைய கலத்திலிருந்தே உணவை எடுத்து உண்டார். புண்களைத் தம் கையாலேயே கட்டினார். தம் புகைக்குழாயையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டார். இது விவேகமோ என்று மருத்துவர் வினவலாம். ஆயின், யாரும் தொடாத மக்களுக்கு ஒரு மனிதன் கை எவ்வளவு மருந்தாயிற்று என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குறையற்ற மனிதராக அவரைக் காட்டுவது எம் கருத்தன்று. சினம் விரைந்து வரும் இயல்பினர்; தாம் நினைத்ததை நினைத்தபடியே செய்து முடிப்பவர். இடையிடையே துணைக்கு வந்த குருமாரோடு அவரால் ஒத்துச்செல்ல இயலவில்லை. இங்கிலாந்திலிருந்து ஆங்கிலிக்கன் சபைக் குரு ஒருவர் பெரும்பணம் திரட்டி நேரே அவர்க்கு அனுப்பியபோது, அவர் விளம்பரம் தேடுகிறார் என்று மேலோர் வருந்தினர். இக்குறைகளை அறிவது நமக்கு நன்று. தொண்டு செய்யப் பொருந்திய குணமெல்லாம் நிரம்பிய பின்னரே புறப்படுவோம் என்று காத்திருப்பார்க்கு அது விடையாகும்.

1884-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒருநாள், களைத்த காலைக் கொதிநீரில் வைத்தார். தோல் வெந்து கொப்புளித்தது. அவர்க்கோ வலி தெரியவில்லை. உணர்வு மரத்தல் தொழுநோயின் குறி என்பதை அவர் அறிவார். அடுத்த ஆண்டில் மருத்துவர் ஆர்னிங் அதனை உறுதி செய்தார். அடிகள் கலாவாவோ சேர்ந்த 1873-ஆம் ஆண்டிலேயே, நார்வே நாட்டு ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்திருந்தார், மருந்துதான் இல்லை. அடிகள் 1886-ஆம் ஆண்டு ஜூலையில் ஹொனலூலு சென்று கோத்தோ என்னும் ஜப்பானிய மருத்துவரின் மருந்துநீர்க் குளியலைச் சில நாள் செய்துகொண்டு மீண்டார். நோய் தணியவில்லை, வேலையையும் அவர் குறைக்கவில்லை.

தனித்தவர்க்குத் துணை வந்தது அக்காலத்தேதான். அவ்வாண்டு ஜூலை 29-ஆம் நாள் அமெரிக்கர் ஒருவர் கரையிறங்கினார். அவர் பெயர் ஜோசப் டட்டன். 1843-ஆம் ஆண்டிற் பிறந்து, உள்நாட்டுப் போரில் வடவர் படையிற் பணியாற்றியவர். மணவாழ்வு முறிந்து, மதுவுக்கு அடிமையாய்ப் பல்லாண்டு கழித்தவர். பின்னர் அதனை விடுத்து, நாற்பதாம் பிறந்தநாளிற் கத்தோலிக்க சபையிற் சேர்ந்து, கெண்டக்கி நாட்டுப்புறத்திலுள்ள கெத்சமனி மடத்தில் டிராப்பிஸ்டுத் துறவியரோடு இருபது திங்கள் உழைத்துப் பார்த்தார். அம்மௌன வாழ்வு தமக்குரியதன்று எனத் தெளிந்து வெளிவந்து, அடிகளைப்பற்றிப் பத்திரிகையிற் கண்டு, அழைப்பின்றியே போந்தார். ஊதியம் வேண்டா என்று கூறிப் பணி தொடங்கிய அவர், 1931-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் தம் எண்பத்தேழாம் வயதில் இறக்குமளவும் நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்பணியிலேயே இருந்தார். நோய் அவரை அணுகவில்லை. கெத்சமனியிற் கழித்த இருபது திங்களும் வீணோ எனின், அன்று. தமக்குரிய இடம் எது என்பதை அவர் அறிந்துகொண்டது அங்கேதான்.

1888-ஆம் ஆண்டில் கொன்ரார்தி என்னும் பெல்ஜியக் குரு வந்து சேர்ந்தார். பின்னாளில் இவர் சீன நாட்டில் தொழுநோயாளர்க்கு ஒரு குடியிருப்பு நிறுவினார். அவ்வாண்டு நவம்பரில் மரியான் அன்னை பிரான்சிஸ்கன் கன்னியர் இருவரோடு வந்து சிறுமியரின் இல்லத்தை ஏற்றார். அவரும் 1918-ஆம் ஆண்டில் ஆங்கேயே உயிர்நீத்தார். ஜேம்ஸ் சினட் என்பார் அடிகளின் இறுதிக் காலத்தில் சில திங்களே இருந்து, செவிலியராய் உடன்நின்று பேணினார். எட்வர்டு கிளிபர்டு என்னும் ஆங்கில ஓவியர் 1888-ஆம் ஆண்டு டிசம்பரில் மருந்தெண்ணெயோடு வந்து, அடிகளின் உருவத்தை வரைந்து, சில நாளில் மீண்டார். நோயால் உருமாறிய அம்முகத்தை அவர் ஓவியத்தில் இன்றும் காணலாம்.

1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில், அடிகள் இறந்தார். முதலிரவு தமக்கு நிழல் தந்த தாழையின் கீழேயே அவரை அடக்கினர். அடுத்த திங்களில் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் ஒரு கிழமைக்காலம் அக்குடியிருப்பில் தங்கினார். மரியான் அன்னையின் இல்லத்துச் சிறுமியரோடு பந்தாடினார். திரும்பிய பின் அவர்களுக்கு ஒரு பியானோ வாங்கி அனுப்பினார். சின்னாளில், அடிகளின் தூய்மையையும் ஒழுக்கத்தையும் இகழ்ந்து ஹொனலூலுப் போதகர் ஒருவர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளிவந்தது. ஸ்டீவன்சன் 1890-ஆம் ஆண்டில் அதற்கு மறுப்பு எழுதி வெளியிட்டார். அவர் அடிகளைக் கண்டவரல்லர், அச்சபையைச் சேர்ந்தவருமல்லர். ஆயினும் ஆங்குள்ள மக்களிடம் நேரிற் கேட்டறிந்த அவ்வேழெட்டு நாளே அம்மறுப்பிற்கு வலிமை தந்தது.

1936-ஆம் ஆண்டில் அடிகளின் உடல் பெல்ஜியம் கொண்டுசெல்லப்பட்டு லூவேனில் வைக்கப்பட்டது. ஹவாயி மக்களுக்கு அது பெருங்குறையாக இருந்தது. 1995-ஆம் ஆண்டில் அவர் பேறுபெற்றவராக அறிவிக்கப்பெற்ற பின், புண்களைக் கட்டிய அவ்வலக்கை மட்டும் மீண்டும் கலாவாவோவிற்கு வந்து பழைய கல்லறையில் அடங்கிற்று. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1940-களில் வந்த சல்போன் மருந்து நோயை அடக்கிற்று. 1969-ஆம் ஆண்டில் ஹவாயியில் பிரித்துவைக்கும் சட்டம் ஒழிந்தது. அதுவரை அங்கு அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 8,000 பேர். இன்று தொழுநோய் மருந்தால் முற்றும் தீரக்கூடியது. மக்களிற் பெரும்பாலோர்க்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு என்றும் அறிகின்றோம்.

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு வருவோம். ஒரு திங்கட்பணியால் யாது பயன்? தமியான் அடிகளைப்போல் எல்லாரும் தங்கிவிடல் இயலாது; எல்லாரும் தங்கவேண்டும் என்பதும் இல்லை. சினட் சில திங்கள் இருந்தார். ஸ்டீவன்சன் ஒரு கிழமை இருந்தார். இருவரும் வீணே வந்து சென்றவரல்லர். வந்த இடத்தில் தமக்கு முன்னரே உழைப்போரை மதித்து, அவர்க்கு வேண்டியது யாது என்று கேட்டு, தாம் போன பின்னும் நிற்கக்கூடிய ஒன்றைச் செய்தோர்க்குக் காலம் குறுகியதன்று. நீர்க்குழாயோ, தரைப்பலகையில் ஒரு துளையோ, உண்மைக்கு ஒரு சான்றோ, அஃது எதுவாயினும் ஆகுக. வேடிக்கை காணவும், தாம் செய்ததைப் பிறர்க்குச் சொல்லவும் செல்வார்க்கோ பதினாறு ஆண்டும் பயன்படாது.

மாணாக்கர்காள், சென்றவிடத்தில் உங்கள் வாயில் நீங்கள் என்னும் சொல் எந்நாளில் நாம் என மாறுகின்றது என்று கவனியுங்கள். சிலர்க்கு அது முதல்நாளே நிகழும். சிலர்க்கு முப்பதாம் நாளில் நிகழும். அது நிகழுமாயின், திரும்பி வந்தபின் தங்குவதா வருவதா என்பதை அச்சொல்லே உங்களுக்கு உணர்த்தும். தமியராய்ச் சென்ற அடிகள் தமியராய் இறக்கவில்லை; அவர் அடக்கத்தின்போது உடன் நடந்தோர், அவரைத் தம்முள் ஒருவராகக் கொண்டு நாம் என்று அழைக்கும் உரிமை பெற்ற நோயாளரே ஆவர்.